வண்டி சேற்றில் புதைந்தால்: கயிற்றுக்கு முன் மண்வெட்டி

கம்பத்திலிருந்து கம்பம் மெட்டு ஏறி வண்டன்மேடு, புளியன்மலைப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளில் பின் சீட்டுக்கு அடியில் எட்டிப் பாருங்கள். ஒரு மண்வெட்டி, ஒரு குட்டைக் கடப்பாரை, நாலைந்து சணல் சாக்கு, ஒன்றரை அடிப் பலகைத் துண்டு. அவ்வளவுதான். வின்ச், அதாவது கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் உருளை, எதுவும் இருக்காது. ஆனாலும் ஆடி மழையில் அந்த வண்டிகள்தான் போய்த் திரும்புகின்றன.

நான் நாலு சக்கர இழுவை உள்ள வண்டி வாங்கிய புதிதில், பளபளப்பான கயிறும் கொக்கியுமாகக் கிளம்பி, தோட்டப் பாதையில் ஒரு வளைவில் புதைந்தேன். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் ஆக்ஸில் வரை இறங்கிவிட்டது. பின்னால் வந்த ஜீப் டிரைவர் இறங்கி வந்து சொன்னார்: "தம்பி, காலை எடு. கிணறு தோண்டவா வந்தே?" கீழே எழுதியிருப்பதில் பாதி அன்று அவரிடம் கற்றது.

முதல் வேலை: நிறுத்து, இறங்கு, பார்

சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே காலை எடுங்கள். ஒவ்வொரு சுற்றும் இன்னும் ஓர் அங்குலம் கீழே இறக்கும். ஆட்களையும் சுமையையும் இறக்கிவிட்டு, வண்டியைச் சுற்றி ஒரு நடை வாருங்கள். எது மாட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரம் மட்டும்தானா, இல்லை ஆக்ஸிலின் நடுவில் இருபக்கச் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் குண்டு மண்மேட்டில் உட்கார்ந்திருக்கிறதா? சைலன்சர் குழாய் சேற்றில் அடைபட்டிருந்தால் உடனே தோண்டி விடுங்கள். புகை வண்டிக்குள் வந்தால் ஆபத்து. ஹப்பை (சக்கரத்தின் நடுக்குடத்தை) கையால் பூட்ட வேண்டிய வண்டி என்றால் முன்சக்கர ஹப் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள், பூட்டாவிட்டால் முன்சக்கரம் இழுக்காது. பூட்ட மறந்துவிட்டு அரைமணி நேரம் போராடியவர்கள் உண்டு. நானும்தான்.

ஆழத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சேறு சக்கரம் வரை என்றால், வண்டியின் எடைக்குச் சமமான இழுவை தேவை. மட்கார்டு வரை என்றால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே, பாடி வரை என்றால் மூன்று மடங்கு. ஒன்றரை டன் ஜீப் மட்கார்டு வரை இறங்கினால் மூன்று டன் இழுக்க வேண்டும். பத்து நிமிடம் தோண்டி அதைப் பாதியாக்க முடியும் என்றால், எதற்காகக் கயிற்றைச் சோதிக்க வேண்டும்?

தோண்டுவது

வெளியே வரப்போகும் பக்கமாக நாலு சக்கரத்துக்கும் சரிவாக வழி வெட்டுங்கள். செங்குத்தான சுவர் விட்டால் சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்திருந்தால் அந்த மண்ணையும் வாரி எடுக்க வேண்டும். பலர் இதை விட்டுவிடுவார்கள். தேங்கிய தண்ணீர் இருந்தால் ஒரு சின்ன வாய்க்கால் கீறி வடியவிடுங்கள். எந்தப் பக்கம் வெளியே வருவது? பெரும்பாலும் வந்த வழியே. ஏற்கெனவே உங்கள் எடையைத் தாங்கிய தரை அது ஒன்றுதான்.

காற்றை இறக்குவது

கையில் காசு செலவில்லாத சாமான் இதுதான். 30 பிஎஸ்ஐ இருக்கும் டயரை 18 அல்லது 20-க்கு இறக்கினால் டயர் தரையில் பதியும் தடம் நீளமாகும், எடை பரவும். 15-க்குக் கீழே போனால் ட்யூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். ட்யூப் போட்ட டயரில் ட்யூப் உள்ளே நழுவி வால்வு பிய்ந்துவிடலாம். கூர்மையான கல் பாதை என்றால் இறக்குவதிலும் கவனம், டயரின் பக்கச் சுவர் கிழியும். ஒரு காற்று மானியும் கால் பம்பும் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். இறக்கிய காற்றோடு வேகமாக ஓட்டவும் கூடாது.

சக்கரத்துக்கு அடியில் என்ன போடுவது

சணல் சாக்கு நல்லது. உரச்சாக்கு வேண்டாம், பிளாஸ்டிக் வழுக்கும். சுற்றிலும் கிடக்கிறதே என்று ஏலத்தட்டையை வெட்டிப் போடாதீர்கள். தண்ணீர்ச் சத்து அதிகம், நசுங்கிக் கூழாகிவிடும். தோட்டக்காரர் என்ன சொல்வார் என்பது தனிக் கதை. காய்ந்த கிளை, உடைகல், பலகை எல்லாம் உதவும். கிளைகளைச் சக்கரத்துக்குக் குறுக்காக அடுக்குங்கள். வண்டியின் கால்மிதியைப் போட்டால் சொரசொரப்பு மேலே இருக்கட்டும். எதைப் போட்டாலும் அது சக்கரத்தில் சிக்கிப் பின்னால் பறக்கும். அங்கே யாரும் நிற்கக் கூடாது.

குழி ஆழமாக இருந்தால் ஜாக்கி. சேற்றில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அதற்குத்தான் அந்தப் பலகைத் துண்டு. மற்ற சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, பலகை மேல் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் கீழே கல்லை நிரப்பி, மேலே சாக்கைப் போட்டு இறக்குங்கள். கல்லைத் தள்ளக் கம்பைப் பயன்படுத்துங்கள், கையையோ காலையோ உள்ளே விடாதீர்கள்.

அப்புறம் லோ கியரில், மெதுவாக. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் சும்மா சுற்றினால் பிரேக்கை லேசாக, மிக லேசாக மிதித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டர் கொடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் சுழலும் சக்கரத்துக்கு எவ்வளவு தடை இருக்கிறதோ அவ்வளவுதான் மறுபக்கச் சக்கரத்துக்கும் இழுவை கிடைக்கும். பிரேக் அந்தத் தடையைக் கூட்டுகிறது. ஹேண்ட்பிரேக்கை இதற்கு நம்ப வேண்டாம். சில பழைய ஜீப்புகளில் அது சக்கரத்தில் இல்லை, கியர்பெட்டியிலிருந்து ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் பிடிக்கும்.

இப்போதுதான் கயிறு

இரண்டு வகை. டோயிங் பெல்ட் நீளாது. மெதுவாக இழுக்க மட்டும். ஸ்னாட்ச் பெல்ட் 20 சதவீதம் வரை நீளும், அதன் மேம்பட்ட வகையான கைனெடிக் கயிறு 30 சதவீதம் வரைகூட. ரப்பர் போல இழுத்துச் சுருங்கும்போது வண்டி வெளியே வருகிறது. டோயிங் பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தால் ஏதாவது ஒன்று உடையும்.

மாட்டும் இடம் சேஸிஸோடு போல்ட் போட்ட கொக்கியாக இருக்கட்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது முறிந்தால் பீரங்கிக் குண்டுதான். பெல்ட்டைக் கொக்கியோடு இணைக்க ஷாக்கிள், அதாவது பின் திருகிப் பூட்டும் இரும்பு வளையம். முக்கால் அங்குல ஷாக்கிள் 4.75 டன் தாங்கும் என்று அதிலேயே பொறித்திருக்கும். எழுத்து இல்லாத ஷாக்கிளைச் சந்தையில் விலை மலிவு என்று வாங்காதீர்கள். பின்னை முழுக்கத் திருகிவிட்டுக் கால் சுற்று தளர்த்துங்கள், இல்லையென்றால் இழுவையில் இறுகிப் பிறகு கழற்ற வராது.

இரண்டு பெல்ட்டை இணைக்க நடுவில் ஷாக்கிள் போடாதீர்கள். பெல்ட் அறுந்தால் அந்த இரும்பு பறந்து வரும். ஒரு பெல்ட்டின் காதை மற்றதன் காதுக்குள் நுழைத்து, நுழைத்த பெல்ட்டின் மறுமுனையை அதே காது வழியே முழுதாக உருவி இழுங்கள். இறுகும் இடத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு கம்பைச் சொருகிவிட்டால் முடிச்சு இறுகாது. பிறகு கம்பை உருவினால் கழன்றுவிடும்.

பெல்ட்டின் நடுவில் நனைந்த சாக்கைப் போடுங்கள். அறுந்தால் துள்ளலை அடக்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் பெல்ட்டின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குப் போகட்டும். நம் ஊரில் கடினமான வேலை இதுதான், ஒவ்வொருவரும் பெல்ட் பக்கத்தில் நின்றுகொண்டுதான் யோசனை சொல்வார்கள். முதல் இழுப்பு நடை வேகத்தில். நகரவில்லை என்றால் மறுபடி தோண்டுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள்.

தனியாக மாட்டினால்

வின்ச் வைத்திருப்பவர்கள் மரத்தில் கம்பியை நேரே சுற்றாமல் அகலமான பட்டையைப் போடுங்கள். பட்டை அடிமரத்தில் தாழ இருக்கட்டும். கம்பியை முழுக்க உருவிவிடாமல் டிரம்மில் ஐந்து சுற்றாவது விட்டுவையுங்கள். கப்பி ஒன்று சேர்த்தால் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும்.

மரமே இல்லாத இடத்தில் ஸ்டெப்னிதான் மரம். இழுக்கும் திசைக்குக் குறுக்காக மூன்றடி ஆழக் குழி வெட்டி, ஸ்டெப்னியை நிமிர்த்தி இறக்குங்கள். நடு ஓட்டை வழியே பட்டையை விட்டு, பின்பக்கம் கடப்பாரையைக் குறுக்கே கொடுத்து அதில் மாட்டுங்கள். பட்டை வெளியே வர ஒரு சரிவான சால் வெட்டிய பிறகு மண்ணை மூடி மிதியுங்கள். ஈர மண்ணில் இந்த வேலைக்கு ஒரு மணி நேரமாவது ஆகும், தோளும் வலிக்கும்.

வெளியே வந்ததும் காற்றை நிரப்பி, குழியை மூடுங்கள். அடுத்த ஜீப் அதே வழியில் வரும். தார் ரோட்டில் ஏறியதும் ஸ்டியரிங் கடகடவென்று நடுங்கினால் பயப்பட வேண்டாம். ரிம்மின் உட்பக்கம் ஒரு பக்கமாகச் சேறு அப்பியிருக்கும், ஒரு குச்சியால் சுரண்டிவிட்டால் சரியாகிவிடும்.