டியூப் ஆம்ப்பையும் மாடலரையும் வீட்டிலேயே நியாயமாக ஒப்பிடுவது எப்படி?

வெற்றிடக் குழாய்களால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் டியூப் ஆம்ப்பை அறையில் முழங்கவிட்டு வாசித்துவிட்டு, உடனே அப்படிப்பட்ட ஆம்ப்புகளை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலரை ஹெட்போனில் கேட்டால், மாடலர் தோற்றுத்தான் போகும். ஆனால் அங்கே நீங்கள் ஒப்பிட்டது இரண்டு ஆம்ப்புகளை அல்ல. ஒரு பக்கம் 12 அங்குல ஸ்பீக்கர் அறைக் காற்றையே தள்ளுகிறது. மறுபக்கம், மைக் வைத்துப் பதிவுசெய்த ஸ்பீக்கரின் ஒலி காதுக்குள் கேட்கிறது. ஸ்பீக்கர் வேறு, மைக் வேறு, அறை வேறு, சத்தமும் வேறு. இவ்வளவும் மாறியிருக்கும்போது "டியூப்தான் டியூப்" என்றோ "டிஜிட்டல் எட்டிப் பிடித்துவிட்டது" என்றோ சொல்வதில் பொருளில்லை.

ஆம்ப் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டுக் கேட்பதுதான் சரியான வழி. இங்கே எடுத்துக்காட்டாக ஃபெண்டரின் '65 டீலக்ஸ் ரிவெர்ப் மறுவெளியீட்டையும், லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மாடலரில் அதே ஆம்ப்பைப் போலச் செய்யும் "யூஎஸ் டீலக்ஸ் விப்" மாடலையும் எடுத்துக்கொள்கிறோம். டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட் ஆம்ப். பவர் பகுதியில் இரண்டு 6வி6 டியூப், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஏஆர்4 டியூப், 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று. உங்களிடம் வேறு ஜோடி இருந்தாலும் படிகள் இவையேதான். மாடலர் வாங்கப் பணமில்லையா? நியூரல் ஆம்ப் மாடலர் என்ற இலவச பிளகின் கணினியிலேயே ஓடும். ஆனால் அதில் கிடைக்கும் கேப்சர்களில், அதாவது நிஜ ஆம்ப்புகளின் ஒலியைப் பிடித்துவைத்த கோப்புகளில், பெரும்பாலானவை நாப்களின் ஒரே ஒரு நிலையைப் பிடித்தவை. நாபைத் திருகிச் செய்யும் சோதனைகளுக்கு அவை உதவா.

தேவையானவை

ஒரு கிட்டார். கிட்டாரை நேராகச் செருகும் ஹை-இசட் உள்ளீடு உள்ள, ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸ். பதிவான சிக்னலைக் கிட்டார் சிக்னல்போல் ஆம்ப்புக்குத் திருப்பி அனுப்பும் ஒரு ரீஆம்ப் பாக்ஸ். ஸ்பீக்கருக்குப் பதிலாக ஆம்ப்பின் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் 8 ஓம் ரியாக்டிவ் லோட் பாக்ஸ் ஒன்று, குறைந்தது 50 வாட் தாங்குவதாக. 22 வாட் ஆம்ப்புக்கு 50 வாட் எதற்கு என்றால், முழுக்க முறுக்கிவிட்ட டியூப் ஆம்ப் தன் அளவீட்டைவிட ஏறக்குறைய இரு மடங்கு வரை தள்ளக்கூடும். லோட் பாக்ஸுக்கு ஒரு ஸ்பீக்கர் கேபிள் வேண்டும். கிட்டார் கேபிளை அந்த இடத்தில் போடாதீர்கள். அதன் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானது அல்ல, சூடாகும். இவற்றோடு ரீப்பர் போன்ற ஒரு பதிவு மென்பொருள், ஒலியளவை எல்யூஎஃப்எஸ் அலகில் காட்டும் ஒரு மீட்டர் பிளகின், ஸ்பெக்ட்ரம் காட்டும் ஒரு பிளகின். 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட, பின்புறம் திறந்த ஸ்பீக்கர் பெட்டியின் (கேப்) இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் கோப்பு ஒன்றும் வேண்டும். இனி அதை ஐஆர் என்றே சொல்வோம். ஒரு ஸ்பீக்கரும் அதன்முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றும் என்பதைச் சுமக்கும் சிறு வேவ் கோப்புதான் அது.

கை வைப்பதற்கு முன்

டியூப் ஆம்ப்பை ஸ்பீக்கரோ லோட் பாக்ஸோ இல்லாமல் ஒருபோதும் இயக்காதீர்கள். போய்ச்சேர இடமில்லாத ஆற்றல் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே உயர் மின்னழுத்தமாகத் திரும்பி அதன் உட்சுற்றைப் பொசுக்கிவிடும். கேபிள் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டே மாற்றுங்கள். பின்பக்கத் தகட்டைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். இந்த ஆம்ப்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப் என்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட் சாக்கெட்டில் செருகவே கூடாது.

படி 1: ஆம்ப்பைச் சூடாக்குங்கள்

ஆம்ப்பை லோட் பாக்ஸில் இணைத்து, இயக்கி, 20 நிமிடம் விடுங்கள். விப்ரேட்டோ சேனலில் செருகுங்கள். ரிவெர்ப் 0, டிரெமலோ 0. ஸ்பிரிங் ரிவெர்ப் லேசாக இருந்தாலும் காது அதைப் பிடித்துக்கொண்டு ஆம்ப்பைக் கேட்க மறந்துவிடும்.

எல்லாப் பதிவுகளையும் ஒரே அமர்வில் முடித்துவிடுங்கள். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் தெருவில் பகல் 2 மணிக்கு ஒரு பதிவு, இரவு 8 மணிக்கு இன்னொன்று என்று எடுத்தால், டியூப் ஆம்ப்பின் உள் மின்னழுத்தமும் கூடவே இறங்கி, ஒலி சற்று முன்னதாகவே உடையத் தொடங்கும், அதாவது கரகரக்கும். மாடலருக்கு அந்தப் பாதிப்பு இல்லை.

படி 2: கிட்டாரை ஒரே முறை பதிவுசெய்யுங்கள்

ஒரே மனிதர் ஒரே வாசிப்பை இரண்டு முறை அப்படியே வாசிக்க முடியாது. அதனால் கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸின் ஹை-இசட் உள்ளீட்டில் செருகி, ஆம்ப் எதுவும் இல்லாத வெறும் சிக்னலைப் பதிவுசெய்யுங்கள். ஓங்கி அடிக்கும்போதும் மீட்டர் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாதபடி கெய்னை வையுங்கள். வைத்த பிறகு அந்த நாபைத் தொடவே தொடாதீர்கள். அடுத்த படி முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறது.

40 வினாடி போதும். மென்மையாக விரலால் மீட்டிய ஒரு பகுதி, பிக்கால் ஓங்கி அடித்த கார்டுகள், 15ஆம் ஃபிரெட்டுக்கு மேலே கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றும் நீண்ட பெண்டுகள், கடைசியில் ஒரே ஸ்வரத்தை அழுத்தி அது அடங்கி மறையும்வரை விட்ட ஒன்று. முதலில் ஒரு ஒற்றை "டக்" ஒலியையும் சேர்த்துவிடுங்கள். பின்னால் இரண்டு பதிவுகளையும் நேர்செய்ய அது உதவும்.

படி 3: ரீஆம்ப் அளவைச் சரிசெய்யுங்கள்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பதிவான சிக்னலை ஆம்ப்புக்குத் திருப்பி அனுப்பும்போது அது கிட்டார் தந்த அதே அளவில் போக வேண்டும். 6 டெசிபெல் கூடினால் ஆம்ப் முன்னதாகவே உடையும். குறைந்தால் சுரத்தின்றி இருக்கும். இரண்டுமே ஆம்ப்பின் குணம் அல்ல.

எளிய வழி உண்டு. இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து ரீஆம்ப் பாக்ஸுக்கும், ரீஆம்ப் பாக்ஸிலிருந்து படி 2இல் பயன்படுத்திய அதே ஹை-இசட் உள்ளீட்டுக்கும் கேபிள் போடுங்கள். கெய்ன் நாப் அதே நிலையில் இருக்கட்டும். வெறும் சிக்னலை ஓடவிட்டு, திரும்பி வருவதைப் புதிய டிராக்கில் பதிவுசெய்யுங்கள். பழைய பதிவும் புதிய பதிவும் ஒரே உயரத்தில் வரும்வரை ரீஆம்ப் பாக்ஸின் நாபைத் திருப்புங்கள். அரை டெசிபெலுக்குள் வந்துவிட்டால் சரி. அந்த நாபின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். திரும்பி வரும் டிராக்கின் மானிட்டரிங்கை அணைத்து வைக்க மறக்க வேண்டாம். மறந்தால் ஒலி சுற்றிச் சுற்றி வந்து வீறிடும்.

படி 4: நாப்களைக் கண்ணால் அல்ல, அளந்து பொருத்துங்கள்

நிஜ ஆம்ப்பில் டிரெபிள் 6 என்றால் மாடலரிலும் 6 வைத்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஆம்ப்புகளின் நாப்களுக்குப் பின்னால் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்கள் சொன்ன மதிப்பிலிருந்து 20 சதவீதம் வரை விலகியிருப்பது சாதாரணம். ஒரே மாடல் ஆம்ப் இரண்டை அடுத்தடுத்து வைத்தாலே 6-ம் 6-ம் ஒன்றாக இருப்பதில்லை.

மாடலரில் முதலில் செய்ய வேண்டியவை: ஆம்ப் பிளாக் மட்டும் போதும். ஆம்ப்பும் கேபும் சேர்ந்த பிளாக் வேண்டாம், பிரீஆம்ப் மட்டும் உள்ளதும் வேண்டாம். நாய்ஸ் கேட், எக்கோ எல்லாம் அணைந்திருக்கட்டும். கிட்டார் உள்ளீட்டு இம்பிடன்ஸ் (மின்மறுப்பு) 1 மெகா ஓம். மாஸ்டர் நாப் என்று ஒன்று மாடலில் தெரியும். நிஜ டீலக்ஸில் அது கிடையாது, ஆகவே 10இலேயே விடுங்கள். ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ சேனல் வால்யூமை மட்டும் தொடுங்கள்; அது டோனை மாற்றாது.

மிட் நாப் விஷயம் சுவையானது. டீலக்ஸ் ரிவெர்பின் முகப்பில் மிட் நாபே இல்லை. அதன் பெரிய அண்ணன் ட்வின் ரிவெர்பில் 10 கிலோ ஓம் மிட் நாப் இருக்கும் இடத்தில், டீலக்ஸில் 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. எனவே மாடலில் மிட் நாப் காட்டினால் 5இல் விடாதீர்கள். 7க்கு அருகில் வைத்துத் தொடங்குங்கள்.

இனி அளவீடு. ஆம்ப்பின் வால்யூம் 2, டிரெபிள் 6, பேஸ் 4. எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சலான பிங்க் நாய்ஸைக் குறைந்த அளவில், துளியும் உடையாதபடி, ரீஆம்ப் பாக்ஸ் வழியாக ஆம்ப்புக்கு அனுப்பி, லோட் பாக்ஸின் லைன் அவுட்டைப் பதிவுசெய்யுங்கள். அதே நாய்ஸை மாடலருக்கும் அனுப்பிப் பதிவுசெய்யுங்கள். இரண்டு ஸ்பெக்ட்ரத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, 80 ஹெர்ட்ஸிலிருந்து 6 கிலோ ஹெர்ட்ஸ் வரை கோடுகள் 1 டெசிபெலுக்குள் ஒட்டும்வரை மாடலரின் நாப்களை மட்டும் நகர்த்துங்கள்.

பிறகு வாசிக்கப்போகும் நிலைக்கு, அதாவது 5க்கு, ஆம்ப்பின் வால்யூமை ஏற்றுங்கள். விப்ரேட்டோ சேனலின் வால்யூம் நாபில் 47 பைக்கோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. வால்யூம் தாழ்ந்திருக்கும்போது உச்ச ஒலிகளை அது தனியாகக் கடத்திப் பளிச்சென்று ஆக்கும். நாப் ஏற ஏற அந்தப் பளிச்சும் மங்கும். நல்ல மாடல் என்றால் அதுவும் இதே மாதிரி மங்க வேண்டும். மாடலின் டிரைவ் நாபை, ஓங்கி அடித்த கார்டு எங்கே உடைகிறதோ அந்த இடத்துக்குக் காதாலேயே கொண்டுவாருங்கள். இங்கே எண் உதவாது.

படி 5: ஒரே ஐஆர், இரண்டு பதிவு

40 வினாடிப் பதிவை ஆம்ப்புக்கு அனுப்பி லோட் பாக்ஸின் லைன் அவுட்டை ஒரு டிராக்கிலும், மாடலருக்கு அனுப்பி அதன் லைன் அவுட்டை இன்னொரு டிராக்கிலும் எடுங்கள். இரண்டு டிராக்கிலும் அதே ஐஆர் கோப்பைப் போடுங்கள்.

ரியாக்டிவ் லோட் பாக்ஸ்தான் வேண்டும் என்று வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. சுமார் 100 ஹெர்ட்ஸ் அருகே அதன் இம்பிடன்ஸ் மலைபோல் உயரும், உச்சப் பக்கத்திலும் மெல்ல ஏறும். டியூப் ஆம்ப் அந்த வடிவத்துக்கு ஏற்பத் தன் அடியையும் உச்சத்தையும் உயர்த்திக்கொள்கிறது. வெறும் ரெசிஸ்டராக உள்ள லோடில் அது நடக்காது. ஒலி தட்டையாகிவிடும், பழியும் ஆம்ப்பின் மேல் விழும். டீலக்ஸில் வெளியீட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பி அதைக் கட்டுக்குள் வைக்கும் நெகட்டிவ் ஃபீட்பேக் இருப்பதால் இந்த மாற்றம் ஓரளவுக்கே. அது இல்லாத வாக்ஸ் ஏசி30 போன்ற ஆம்ப்பில் நன்றாகவே தெரியும்.

லோட் பாக்ஸ் கிடைக்கவில்லை என்றால் ஆம்ப்பின் ஸ்பீக்கர் முன் ஒரு எஸ்எம்57 மைக்கைக் கிரில்லிலிருந்து 2.5 செ.மீ. தள்ளி, நடுக் குமிழின் விளிம்பைப் பார்த்து நிறுத்துங்கள். பிறகு ஆம்ப்பை அணைத்து, அதே ஸ்பீக்கரை மாடலர் ஓட்டும் ஒரு சாலிட் ஸ்டேட் பவர் ஆம்ப்பில் செருகி, மைக்கை அசைக்காமல் பதிவுசெய்யுங்கள். மைக் ஒரு விரல்கடை நகர்ந்தாலும் வரும் வேறுபாடு, பல சமயம் இரண்டு ஆம்ப்புகளுக்கும் இடையிலான வேறுபாட்டைவிடப் பெரியது.

படி 6: நேரம், ஒலியளவு

"டக்" ஒலியை வைத்து இரண்டு டிராக்குகளையும் நேர்செய்யுங்கள். மாடலர் ஓரிரு மில்லிவினாடி தாமதிப்பது இயல்பு.

பிறகு இரண்டின் முழு நீள எல்யூஎஃப்எஸ் அளவும் 0.2க்குள் ஒன்றுபட வேண்டும். இதில் சலுகையே கிடையாது. 1 டெசிபெல் உரத்து ஒலிப்பதை நம் காது "உரத்தது" என்று சொல்லாது. "உயிரோட்டமாக இருக்கிறது", "அடி கனமாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். டியூபின் கதகதப்பு என்று கொண்டாடப்பட்டவற்றில் ஒரு பங்கு, நேர்செய்யப்படாத ஒலியளவுதான்.

ஒரு டிராக்கின் போலாரிட்டியைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்து, மிச்சம் நிறைய இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். நூலிழை நேர வித்தியாசமே பெரிய மிச்சத்தைத் தந்துவிடும். காதுக்கு அது கேட்கவே கேட்காது.

படி 7: கண்ணை மூடிக் கேளுங்கள்

ஃபூபார்2000 பிளேயரில் ஏபிஎக்ஸ் ஒப்பீட்டுக்கான துணைநிரல் உண்டு. பெயர் மறைத்து ஒலிக்கும் எக்ஸ் என்பது ஏ-யா பி-யா என்று கண்டுபிடிப்பதுதான் அது. அதில் இரு கோப்புகளையும் ஏற்றி 16 முறை விடை சொல்லுங்கள். 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் உங்களுக்கு வேறுபாடு கேட்கிறது. குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்க 100க்கு 4 வாய்ப்புகூட இல்லை. 8, 9 என்று வந்தால் அந்தப் பகுதியில் உங்கள் காதுக்கு இரண்டும் ஒன்றே.

மென்மையான பகுதி, கார்டு, பெண்டு, மறையும் ஸ்வரம் என்று தனித்தனியே சோதியுங்கள். சுத்தமான பகுதியில் பிரித்தறிவது மிகக் கடினம். வேறுபாடு ஒளிந்திருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, மறையும் ஸ்வரத்தின் கடைசி மூச்சு. உடைந்த ஒலி சுத்தமாக மாறும் அந்தக் கணத்தில் மோசமான மாடல்கள் பொரபொரக்கும். மற்றொன்று, கெய்ன் மிகுந்த பெண்டு. ஸ்வரம் மேலே ஏறும்போது பின்னணியில் ஏதோ ஒரு மெல்லிய விசில் கீழே இறங்குவதுபோல் கேட்டால் அது ஏலியாசிங். டிஜிட்டலில் மட்டுமே வரும் குறை. எந்த டியூப் ஆம்ப்பிலும் வராது.

மறுபுறம், அமைதியான இடத்தில் 100 ஹெர்ட்ஸ் ஹம் கேட்டால் அது பெரும்பாலும் டியூப் ஆம்ப். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ரெக்டிஃபையர் இரட்டித்ததன் சுவடு அது. அந்த இடைவெளிகளை வெட்டிவிட்டுச் சோதியுங்கள், இல்லாவிட்டால் ஹம்மைக் கேட்டே 16க்கு 16 வாங்கிவிடுவீர்கள்.

படி 8: இனி கையால்

பதிவு சொல்லாத ஒன்று விரலுக்குத் தெரியும். ரீஆம்ப் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கிட்டாரை ஒவ்வொன்றிலும் நேராகச் செருகி, இரண்டையும் அதே ஐஆர் வழியாக, அதே மானிட்டரில், அதே சத்தத்தில் கேளுங்கள். ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்புவதால் தாமதம் தரும் இன்டர்ஃபேஸின் பஃபர் 128 சாம்பிளுக்கு மேல் போக வேண்டாம். 48 கிலோ ஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிவினாடி, ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். புளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது.

ஆம்ப்பை ஓங்கி அடித்தால் உடையும் நிலையில் வைத்து, கிட்டாரின் வால்யூம் நாபை 10இலிருந்து 7க்கு, 7இலிருந்து 4க்கு மெல்ல இறக்கியபடியே ஒரே கார்டை அடித்துக்கொண்டிருங்கள். டீலக்ஸ் படிப்படியாகத் தெளிந்து, 4இல் கண்ணாடிபோல் ஆகும். மாடலர் அந்த வழியெல்லாம் கூடவே வருகிறதா, ஏதாவது ஒரு இடத்தில் சட்டென்று தாவுகிறதா என்று பாருங்கள். அடுத்து ஆம்ப்பை 8க்கு ஏற்றி, ஆறு கம்பியும் அதிர ஒரே ஒரு கார்டு. ரெக்டிஃபையர் டியூப் கேட்ட மின்னோட்டத்தை உடனே தர முடியாமல் ஒரு நொடி தளர்ந்து, பிறகு நிமிரும். முதல் தாக்கு அமுங்கி, கார்டின் உடல் பின்னாலிருந்து எழும்பி வருவதுபோல் பிக்குக்குக் கீழே உணர்வீர்கள். மாடலரில் இந்தத் தளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் சேக் என்ற அளவுருவைத் தொடாமல் இதே கார்டை அடித்துப் பாருங்கள். எழுச்சி குறைவாகத் தெரிந்தால் அப்போது சேக்கைச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஆம்ப்புக்குத் திரும்பி வந்து ஒரு கார்டு அடித்துவிட்டு, மறுபடி ஏற்றுங்கள்.