எஸ்கேப் ரூம் போகிறீர்களா? பூட்டோடு மல்லுக்கட்டாதீர்கள்

காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ ஊர் சுற்றப் போகிறவர்கள் எஸ்கேப் ரூமையும் ஒரு கை பார்க்கலாம். 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தொடங்கிய விளையாட்டு இது. குழுவாக ஓர் அறைக்குள் நுழைந்து, புதிர்களை அவிழ்த்து, பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் வெளியே வர வேண்டும். அடைத்துப்போட்டுவிடுவார்களோ என்று பயந்தால், அவசர வழி எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் ஆளுக்கொரு மூலையாகத் தேடுங்கள். இழுப்பறையின் அடிப்பக்கம், தொங்கும் சட்டையின் பை, எதையும் விடாதீர்கள். கண்டதை உடனே உரக்கச் சொல்லுங்கள்; கமுக்கமாகக் கையில் வைத்திருப்பவரால்தான் பாதிக் குழுக்கள் தோற்கின்றன என்பது என் கணிப்பு. எண் பூட்டுக்கு மூன்று இலக்கமா, நான்கா என்று பாருங்கள். எந்தத் துப்பு அதற்குரியது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். பயன்படுத்திய சாவிக்குப் பெரும்பாலும் மறுவேலை இருக்காது, ஓரமாக வையுங்கள். முரட்டுத்தனமாக இழுக்காதீர்கள், வேலூர்க் கோட்டை அகழியைத் தாண்டும் வீரமெல்லாம் இங்கே செல்லாது.

திணறினால் குறிப்புக் கேளுங்கள், கேமராவில் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தருவார்கள். திகில் அறை என்றால் பிள்ளைகளுக்கான வயது வரம்பை முன்பதிவின்போதே விசாரித்துவிடுங்கள்.