புதன்கிழமை சூம், சனிக்கிழமை வகுப்பு: நான் விட்ட பிழைகள்

வெள்ளவத்தையில் என்னிடம் ஜேர்மன் மொழியின் ஆரம்ப நிலையான ஏ1 படிக்க வருகிறவர்கள் பலருக்குக் கணவரோ மனைவியோ ஜேர்மனியில் இருக்கிறார்கள். 2007இல் ஜேர்மனி சட்டத்தை மாற்றியதிலிருந்து, துணையிடம் போக விசா கேட்பவர் பொதுவாக அடிப்படை ஜேர்மன் தெரியும் என்று காட்டியாக வேண்டும். அதனால் ஆர்வம் வரும்போதே நிறைய இருக்கும். அதைக் கெடுப்பது ஆசிரியர்தான். நானும் கெடுத்திருக்கிறேன்.

பெரிய பிழை, வீட்டில் செய்யச் சொன்னதை வகுப்பில் திரும்பச் சொல்லிக்கொடுப்பது. புதன் இரவு சூம், சனிக்கிழமை நேர் வகுப்பு, இடையில் வீடியோ என்று அட்டவணை போட்டிருந்தேன். எண்கள் பற்றிய வீடியோவை நாலு பேர் பார்க்காமல் வந்தார்கள். அவர்களுக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து பலகையில் எழுதினேன். அடுத்த வாரம், ஒழுங்காகப் பார்த்து வந்தவர்களும் பார்க்கவில்லை. மிஸ் எப்படியும் சொல்லித் தருவாதானே?

இப்போது சனிக்கிழமை வகுப்பு டெலிபோன் நம்பரில் தொடங்குகிறது. ஜேர்மனில் 47ஐ ‘ஏழும் நாற்பதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள்: ஸீபன் உன்ட் ஃபீர்ட்ஸிஷ். ஒருவர் நம்பரை இரண்டிரண்டு இலக்கமாகச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் எழுத வேண்டும். வீடியோ பார்க்காதவர் 74 என்று எழுதிவிடுவார். மற்றவர் சிரித்துக்கொண்டே திருத்துவார். நான் வாய் திறக்கத் தேவையில்லை. ஜேர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கதே நிறுவனத்தின் ஏ1 பேச்சுத் தேர்விலும் அறிமுகத்தோடு ஒரு சொல்லை எழுத்துக்கூட்டச் சொல்லி, ஒரு நம்பரும் கேட்பார்கள் என்பதால் யாரும் இதை விளையாட்டு என்று ஒதுக்குவதில்லை.

மொழி படிக்கும் செயலியில் ஒருவர் எத்தனை நாள் விடாமல் படித்தார் என்று பார்த்துப் பாராட்டுவதும் வீண். அந்தக் கணக்கை ஏற்றுவதற்காகவே இரவு பதினொன்றரைக்கு இரண்டு நிமிடம் தட்டிவிட்டுப் படுப்பவர்கள் உண்டு.

வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய மார்க்ஸையும் போட்டது இன்னொன்று. முதல் மூன்று பேருக்கு உற்சாகம், மிச்சப் பேர் மௌனம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்ற உளவியலாளர்கள் ஆர்வம் நிலைக்க மூன்றைச் சொல்கிறார்கள்: தானாக விரும்பிச் செய்கிறேன், என்னால் முடிகிறது, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வுகள். என் மார்க்ஸ் பட்டியல் அதில் கடைசி இரண்டையும் ஒரே இரவில் பறித்துவிட்டது.

அப்புறம், கெமரா. போடாவிட்டால் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கில்லை என்று அதட்டினேன். ஒரு மாணவி புதன்கிழமைகளில் வருவதையே நிறுத்திவிட்டார். தனியாகக் கேட்டபோதுதான் சொன்னார், “ஒரு ரூம்தான் மிஸ். பின்னால மாமி சாப்பிட்டுக்கொண்டு இருப்பா.” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கொழும்பு அனெக்ஸ் வீடுகளில் ஆளுக்கொரு மேசை எங்கே இருக்கிறது?

கெமராவை விட்டுவிட்டேன். அதற்குப் பதில், வாரம் ஒரு முறை முப்பது விநாடிக் குரல் பதிவு, எனக்கு மட்டும், வசதியான நேரத்தில். அந்த மாணவி கடைசியாக அனுப்பியதில் நடுவே குக்கர் விசில் அடித்தது. நம்பர் சரியாக இருந்தது.