வலைக்கு ஈயக்குண்டு வார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

மேட்டூர் அணையிலும் பவானிசாகரிலும் பரிசலில் போய் மீன் பிடிக்கிறவர்கள், கூடுதுறைக்குக் கீழே காவிரியில் இறங்கி வீச்சு வலை போடுகிறவர்கள், இவர்களில் பலர் வலைக்கு வேண்டிய ஈயக்குண்டைத் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். கடைக் குண்டு விலை கூட. எடையும் நினைத்தபடி அமையாது. கொஞ்சம் பழைய ஈயம், ஓர் இரும்புச் சட்டி, ஓர் அச்சு இருந்தால் போதும். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால் விறகடுப்பே தாங்கும். இவ்வளவு சுலபமாக உருகுவதால்தான் யாரும் இதைப் பட்டறை வேலையாக நினைப்பதில்லை. சோறாக்குகிற வாசலிலேயே உருக்குகிறார்கள்.

சுடு ஈயம் கையில் பட்டுவிடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதைவிடப் பயப்பட வேண்டியவை இரண்டு: உருகின ஈயத்துக்குள் போகிற தண்ணீர், வேலை முடிந்து வீட்டுக்குள் போகிற தூசி.

தண்ணீர்

ஆற்றில் கிடந்த பழைய வலையிலிருந்து கழற்றின குண்டுகளைத்தான் பெரும்பாலும் திரும்ப உருக்குகிறோம். ஒவ்வொரு குண்டின் துளைக்குள்ளும் சேறு அடைத்திருக்கும், சேற்றுக்குள் ஈரம் இருக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் தெரியும். அதை எடுத்து, ஏற்கெனவே உருகிக்கிடக்கிற ஈயத்துக்குள் போடுவதுதான் இந்த வேலையில் நடக்கிற மிக மோசமான தவறு. தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரியும். ஈயத்தின் மேல்பரப்பில் ஒரு சொட்டு விழுந்தால் சுர்ரென்று போய்விடும். ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொண்ட சொட்டுக்கு வெளியேற வழியில்லை. சட்டியில் உள்ளதை எல்லாம் முகத்துக்கு நேராக வீசியடித்துவிட்டுத்தான் வெளியே வரும்.

பழைய ஈயம் எதுவானாலும் கழுவி, வெயிலில் காயவைத்து, சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டுவிட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். சூடு மெதுவாக ஏறும்போது ஈரம் தானாகப் போய்விடும். நடுவில் ஈயம் சேர்க்க வேண்டியிருந்தால், துண்டுகளை அடுப்போரமாக வைத்து நன்றாகச் சூடேற்றிவிட்டுத்தான் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் நசுங்கி மூடின ஈயக் குழாயை அப்படியே போடவே கூடாது, வெட்டித் திறந்துவிட்டுத்தான் போட வேண்டும். கரண்டிக்கும் இதே விதிதான். குளிர்ந்த கரண்டியில் பனி ஈரம் ஒட்டியிருக்கும். சட்டியின் ஓரத்தில் வைத்துச் சுடவைத்த பிறகே ஈயத்தில் இறக்குங்கள்.

மாக்கல்லில் குடைந்த அச்சு, மண் அச்சு, சிமெண்டில் செய்த அச்சு ஆகியவை ஈரத்தை உள்ளே வாங்கி வைத்திருக்கும். மழைக்காலத்தில் மூலையில் கிடந்த அச்சை எடுத்து அன்றைக்கே ஊற்றக்கூடாது. வார்த்த குண்டைச் சீக்கிரம் ஆறவைக்கப் பக்கத்தில் வாளித் தண்ணீர் வைத்துக்கொள்கிறார்களே, அதுவும் வேண்டாம். குண்டைப் போடும்போது தெறிக்கிற துளி அச்சிலோ சட்டியிலோ விழும். குண்டை ஒரு பலகை மேல் தட்டிவிட்டால் தானே ஆறும். வெறும் சிமெண்டுத் தரையில் ஈயம் சிந்தினாலும் சிமெண்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும். அதனால் அடுப்பைச் சுற்றிக் காய்ந்த மணலைப் பரப்பி வையுங்கள். ஐப்பசி மழை மேகம் கூடி நிற்கிற நாளில் திறந்த வெளியில் அடுப்பு மூட்டாதீர்கள்.

எந்த ஈயம்

காயலான் கடையில் ஈயம் என்று கொடுப்பதெல்லாம் ஈயமாக இருக்காது. கார் சக்கரத்தைச் சமன் செய்ய ஒட்டுகிற கட்டிகள் முன்பு பெரும்பாலும் ஈயம். இப்போது துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகின்றன. துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். சட்டியை 370 டிகிரி அளவிலேயே வைத்திருந்தால் துத்தநாகமும் இரும்பும் உருகாமல் மேலே மிதக்கும், அள்ளி எறிந்துவிடலாம். அவசரப்பட்டு விறகை அடுக்கித் துத்தநாகமும் உருகிக் கலந்துவிட்டால் அந்தச் சட்டி ஈயமே கூழ் மாதிரி ஆகி, அச்சின் மூலைக்குப் போகாது. அதைச் சரிசெய்ய மெனக்கெடாமல் தனியாக ஒதுக்கிவிடுவதே மேல்.

ரிவால்வர் குண்டு வார்க்கிறவர்கள் ஈயத்தோடு ஆன்டிமனி சேர்த்துக் கெட்டியாக்குவார்கள், அச்சில் நன்றாக நிரம்ப வெள்ளீயமும் சேர்ப்பார்கள். (நம் நாட்டில் அந்த வேலைக்கு 1959-ஆம் ஆண்டு படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும்; இல்லாமல் செய்தால் குற்றம்.) வலைக்கு வேண்டியது அதற்கு நேர்மாறான மெத்தென்ற ஈயம். கயிற்றில் வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் விரிசல் விடாமல் மடங்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழுகிற ஈயம் சரியான ஈயம்.

பழைய பேட்டரியை மட்டும் தொடவே வேண்டாம். அமிலம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதன் தகடுகளில் ஆன்டிமனி, ஆர்சனிக், கால்சியம் எல்லாம் இருக்கும். உருக்கிய பிறகு அந்தக் கசடில் ஈரம் பட்டாலே ஆர்சைன், ஸ்டிபைன் என்னும் நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். ஆளைக் கொல்கிற வாயுக்கள் அவை. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படியும் பழைய பேட்டரி போக வேண்டிய இடம் பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைதான். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் காசும் கிடைக்கும்.

சூடும் அச்சும்

குண்டில் சுருக்கம் விழுந்தால் ஈயம் சூடு போதவில்லை என்று நினைத்து எல்லோரும் விறகைத் தள்ளுகிறார்கள். பெரும்பாலும் குறை அச்சில்தான் இருக்கும். அது குளிர்ந்து கிடக்கும். அச்சை அடுப்போரம் வைத்துச் சூடேற்றி, முதலில் வருகிற சில குண்டுகளை மறுபடி சட்டியில் போட்டுவிட்டால் அதற்கப்புறம் வருவது தெளிவாக வரும். அச்சில் எண்ணெய் தடவுவதும் சுருக்கத்துக்கு இன்னொரு காரணம். எண்ணெய் புகைந்து குமிழ் விடும். விளக்குக் கரியை லேசாகப் பிடித்தாலே குண்டு ஒட்டாமல் விழும். துளைக்கு வைக்கிற கம்பிக்கும் அதே கரி போதும். ஈயம் இறுகும்போது சுருங்குவதால் ஊற்றுவாயில் கொஞ்சம் கூடுதலாக நிற்கவிடுங்கள், உள்ளே குழி விழாது.

400 டிகிரியைத் தாண்டினால் நமக்கு எந்த லாபமும் இல்லை. சட்டியின் அடி சிவந்து தெரிந்தால் 500-ஐத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்துதான் ஈயப்புகை அதிகமாகக் கிளம்பத் தொடங்கும். ஈயத்தின் மேல் ஊதாவும் பொன்னிறமுமாக ஏடு படர்ந்தாலும் சூடு கூடிவிட்டது என்று தெரிந்துகொண்டு விறகை இழுத்துவிடுங்கள். தூரத்திலிருந்து ஒளி காட்டி அளக்கிற வெப்பமானி பளபளக்கிற ஈயத்தில் குறைவாகவே காட்டும், அதை நம்பக் கூடாது. உள்ளே முக்கி அளக்கிற கம்பி வெப்பமானி வாங்குங்கள்.

அலுமினியச் சட்டி வேண்டாம். சூட்டில் பலம் இழந்து அடி விட்டுவிடும். துத்தநாகம் பூசின வாளியும் வேண்டாம். பாலியஸ்டர் பேண்ட், ரப்பர் செருப்பு இரண்டும் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி முழுக்கை, கண்ணாடி, தோல் ஷூ போடுங்கள். பேண்ட் ஷூவுக்கு வெளியே விழ வேண்டும். சுட்டுவிட்டால் ஒட்டின ஈயத்தைப் பிய்க்காமல், ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் பேஸ்ட்டும் வைக்க வேண்டாம்.

குண்டில் நிற்கிற பிசிறை அரத்தால் ராவுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பிசிறு நைலான் நூலை அறுக்கும் என்பது உண்மை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் அரத்தூள் என்பது சுத்த ஈயத்தூள். கத்தியால் சீவினால் துண்டாக விழும், பொறுக்கி எடுத்துவிடலாம்.

தூசி

திட ஈயத்தைவிட அதன் மேல் படிகிற சாம்பல் நிறக் கசடு மோசமானது. அது பொடி, கையில் ஒட்டும், மூச்சில் போகும், துணியில் ஏறி வீட்டுக்கு வரும். அதைத் திரும்பத் திரும்ப அள்ளி எறிவதைவிட, ஒரு துண்டு மெழுகைப் போட்டுக் கிளறினால் பாதி ஈயம் உள்ளேயே திரும்பிவிடும். மெழுகு குப்பென்று பற்றும், அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சக் கசடை மூடி போட்ட தகர டப்பாவில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுங்கள். வாய்க்காலிலோ வரப்பிலோ கொட்டாதீர்கள். கட்டுத்தரைக்குப் பக்கத்தில் உருக்கவே கூடாது. ஈயம் படிந்ததை மாடு நக்கித் தின்னும், தின்றால் பிழைப்பது அரிது.

வாயில் கட்டுகிற துண்டு ஈயப்புகையை நிறுத்தாது. காற்று முதுகுப்பக்கமிருந்து வருகிற திறந்த இடத்தில் நில்லுங்கள். வேலை நடுவே வெற்றிலை, பீடி, டீ எதுவும் வேண்டாம். முடிந்ததும் இடத்தை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுப்பை மாற்றிவிட்டு அப்புறம் குழந்தையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். உருக்கின சட்டி மறுபடி சமையலுக்கு வரக் கூடாது.

"எங்கப்பன் காலத்திலிருந்து இப்படித்தானுங்க பண்றோம், ஒண்ணும் ஆகலியே" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஈயம் உடனே காட்டாது. எலும்பில் போய்ப் படிந்து பல பத்தாண்டுகள் இருக்கும். கர்ப்பத்தின்போது தாயின் எலும்பிலிருந்து இறங்கிப் பிள்ளைக்கும் போகும். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு கூடுதலாகக் குழந்தைகளின் உடம்பு இழுத்துக்கொள்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாதிப்பே இல்லாத அளவு என்று ஈயத்துக்கு எதுவும் இல்லை என்பதும் அதன் நிலைப்பாடு. அதனால் வார்க்கிற நாளில் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

வார்க்காதவர்களும் செய்கிற ஒரு தவறு உண்டு. வலை வீசும்போது ஈயக் கயிற்றைப் பல்லில் கடித்துப் பிடிக்கிறார்கள். மெத்தென்ற ஈயம், கடிக்கக் கடிக்கத் தேயும். தேய்ந்தது எச்சிலோடு உள்ளே போகும். மற்ற எதையும் மாற்ற முடியாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முழங்கையிலும் தோளிலும் வலையைப் போட்டு வீசப் பழகலாம். பழக்கம் வரும்வரை, குண்டு இல்லாத இடத்தில் ஒரு துணி வளையம் கட்டி அதைக் கடித்துக்கொள்ளலாம்.

ஈயமே வேண்டாம் என்று இரும்புக்கு மாறுகிறவர்களும் உண்டு. ஒரு கிலோ ஈயம் தண்ணீருக்குள் சுமார் 910 கிராம் இழுக்கும், ஒரு கிலோ இரும்பு சுமார் 870 கிராம். மூழ்குகிற பலத்தில் பெரிய வித்தியாசமில்லை, குண்டுதான் ஒன்றரை மடங்கு பருமனாகும், துருவும் பிடிக்கும். புதிதாக வலை கட்டுகிறவர்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், இரும்பையே பாருங்கள்.

வருஷக்கணக்கில் வார்க்கிறவர்கள் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்து. டாக்டரிடம் "ஈயம் உருக்குகிற வேலை செய்கிறேன்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவருக்கு அந்தச் சோதனை தோன்றாது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டல். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை என்று அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.