எச்.ஐ.வி. இருப்பவருக்கு வேலை கொடுக்கும் இடத்தில் நடக்கும் தவறுகள்

எச்.ஐ.வி. வந்தால் ஆள் இனி வேலைக்கு ஆகமாட்டார் என்ற நினைப்புக்கு 90-களில் காரணம் இருந்தது. மருந்து விலை சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகாது. 2004 ஏப்ரலில் அரசு, எச்.ஐ.வி. கிருமியை மருந்தால் அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. சிகிச்சையை இலவசமாகத் தொடங்கியது, தாம்பரமும் முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலானவர்களுக்கு நாளுக்கு ஒரே மாத்திரை, அதை விடாமல் போட்டுக்கொண்டு லாரி ஓட்டுகிறார்கள், தறி ஓட்டுகிறார்கள், பனியன் தைக்கிறார்கள். மருந்து மாறிவிட்டது, முதலாளிகளின் பயம்தான் மாறவில்லை.

வேலைக்கு எடுக்கும்போதே மெடிக்கல் செக்கப்போடு எச்.ஐ.வி. டெஸ்டையும் சேர்த்துவிடுகிற இடங்கள் உண்டு. கேட்டால் "எல்லாருக்கும்தானே எடுக்கிறோம்" என்பார்கள். எல்லாருக்கும் எடுத்தாலும் தப்புதான். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டப்படி, வேலை தருவதற்கு இந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது, சம்மதம் இல்லாமலும் எடுக்கக் கூடாது. சட்டம் வருவதற்கு ரொம்ப முன்பே, 1997-ல், உடல் தகுதியோடு இருக்கும் ஒருவரை எச்.ஐ.வி.யைக் காட்டி வேலையிலிருந்து ஒதுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரு தற்காலிகத் தொழிலாளியின் வழக்கில் சொல்லிவிட்டது. 2000-ல் தென்னாப்பிரிக்காவிலும் இதே கதைதான், விமானப் பணியாளர் வேலை மறுக்கப்பட்டவருக்கு அந்த வேலையைக் கொடு என்று அரசியலமைப்பு நீதிமன்றமே விமான நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

அடுத்த தவறு யார் கண்ணுக்கும் தவறாகவே தெரியாது. மாத்திரை வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்குப் பகலில்தான் போக வேண்டும், அது பல ஊர்களில் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கும், பஸ் பிடித்து வரிசையில் நின்று திரும்பி வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. சூப்பர்வைசர் "அடிக்கடி எதுக்குப்பா லீவு?" என்பார், இவரால் காரணம் சொல்ல முடியாது. ஒரு தடவை போகாமல் விடுவார், அப்புறம் இன்னொரு தடவை. மாத்திரை இப்படி விட்டுவிட்டுப் போனால் கிருமி மருந்துக்கு அடங்காமல் பழகிக்கொள்ளும், ஆள் நிஜமாகவே படுத்துவிடுவார். "உடம்பு தாங்காதுன்னு அப்பவே சொன்னேனே" என்று அதே சூப்பர்வைசர் சொல்வார். காரணம் கேட்காமல் ஒரு நாள் லீவு கொடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

டீ கிளாஸ், கழிப்பறை, கைகுலுக்கல், ஒரே மெஷின், எதிலும் இது தொற்றாது. இதை இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன செய்வது! ஒழுங்காக மாத்திரை எடுத்து ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடப் பரவாது. கவனிக்க வேண்டியது காசநோயை. எச்.ஐ.வி. இருப்பவர்களை அதிகம் கொல்வது அதுதான், கல் உடைக்கிற, சுரங்கத் தூசி பறக்கிற வேலையில் அந்த ஆபத்து இன்னும் கூடும். இரண்டு வாரமாக இருமுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆயிற்று என்று நினைக்காமல் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளருக்கு, நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் சோப்பு போட்டுக் கழுவியதோடு விட்டுவிடுவதும் தவறு. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் போட வேண்டும்.

கடைசியாக, பாசிட்டிவ் என்று தெரிந்துபோன தொழிலாளிக்கு. "நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, பேர் கெடாது" என்று ராஜினாமாத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். இதைக் காரணமாகச் சொல்லி நீக்க வேண்டுமென்றால், நிறுவனத்தோடு சம்பந்தமில்லாத மருத்துவர் எழுத்தில் தந்த மதிப்பீட்டின் நகலை உங்களுக்குக் கொடுத்தாக வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் எழுதிக் கொடுங்கள். கோர்ட்டுக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் பெயரை மறைத்து வழக்கு நடத்தச் சொல்லிக் கேட்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1097-க்குப் போன் போடுங்கள், கட்டணம் கிடையாது.