எண்ணங்களைக் குறிக்கும் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனத்தில் எழும் எண்ணத்துக்கு ஒற்றைச் சொல்லில் பெயரிட்டு, அதற்குமேல் அதனோடு பேச்சு வளர்க்காமல் மூச்சுக்குத் திரும்புவதைக் குறித்தல் என்கிறோம். பௌத்த மரபில் வேர் கொண்ட இந்தப் பயிற்சியை இருபதாம் நூற்றாண்டில் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் பர்மிய பிக்குவான மகாசி சயாதோ (1904–1982). வயிறு மேலெழும்போது ‘உயர்தல்’, கீழிறங்கும்போது ‘தாழ்தல்’, இடையில் எண்ணம் குறுக்கிட்டால் ‘நினைத்தல்’ என்று மனத்துக்குள் மெல்லக் குறித்துக்கொள்வதே அவருடைய முறையின் தொடக்கப் பாடம். கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். ஆயினும் ‘இது சரியில்லை’, ‘அவர் மோசம்’, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று ஓயாமல் எடைபோடும் எண்ணங்களின் மீது இதைப் பயன்படுத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. குறித்தலையே எடைபோடுதலாக மாற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் மனத்துக்கு உண்டு; பெரும்பாலான தவறுகள் அங்கிருந்துதான் கிளைக்கின்றன.

கண்களை மூடி அமர்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும். அருகில் அமர்ந்திருப்பவர் மூன்றாவது முறையாகத் தொண்டையைச் செருமுகிறார். ‘இவருக்கு அடுத்தவரைப் பற்றி அக்கறையே கிடையாது’ என்று ஓர் எண்ணம் எழுகிறது. நாமும் கடமை தவறாமல் ‘எடைபோடுதல்’ என்று குறிக்கிறோம். அடுத்த நொடியே, ‘இத்தனை மாதம் பழகியும் நான் இன்னும் இப்படித்தானே இருக்கிறேன்’ என்ற வாக்கியம் வந்து நிற்கிறது. முதல் எண்ணம் அகப்பட்டது, இரண்டாவது தப்பிவிட்டது. அது எண்ணமாகவே தோன்றாமல், பயிற்சியைப் பற்றிய நேர்மையான கணிப்பைப் போல வேடமிட்டு வருவதே அதற்குக் காரணம். பாலி மொழியிலுள்ள சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூல்தொகுப்பில், அம்பு தைத்த ஒருவன் மீது இரண்டாவது அம்பும் பாய்வதாக ஓர் உவமை வருகிறது: உடல் படும் வலி முதல் அம்பு, அதை நொந்து மனம் படும் வேதனை இரண்டாவது. எடைபோட்டதற்காக நம்மையே எடைபோட்டுக்கொள்வது அந்த இரண்டாவது அம்பின் வகையைச் சேர்ந்தது. அதற்கும் அதே சொல்லை, அதே மெல்லிய தொனியில் வைத்தால் போதும். மூன்றாவது வந்தால் அதற்கும் அப்படியே. இதில் எத்தனையாவது அம்பு என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தொனியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் சொல்லைத் தேர்வதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட இதில் காட்டுவதில்லை. ‘கோபம்’ என்ற அதே சொல்லை, அலமாரியில் இருக்கும் பொருளுக்குச் சீட்டு ஒட்டுவதைப் போலவும் சொல்லலாம். தவறு செய்த பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்ததைப் போலவும் சொல்லலாம். இரண்டாவது வகையில் சொல்லும்போது பெரும்பாலும் உடல் காட்டிக்கொடுத்துவிடும்: தாடை இறுகும், புருவங்களுக்கு நடுவே ஒரு சுருக்கம் விழும், மூச்சு ஒரு கணம் தடைபடும். அந்த இறுக்கத்தை உணர்ந்தால் சொல்லை மாற்றத் தேவையில்லை. தாடையைத் தளர்த்திவிட்டு அதே சொல்லை இன்னொரு முறை தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்க்கலாம்.

சொல்லின் வடிவமும் முக்கியமே. தமிழில் வினைமுற்றின் விகுதியிலேயே ஆள் வந்து அமர்ந்துவிடுகிறார். ‘எடைபோடுகிறேன்’ என்றால் ‘நான்’ என்று தனியாகச் சொல்லாமலே அந்த நான் உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தவுடன் குற்றவாளியும் கிடைத்துவிடுவார். ‘எடைபோடுதல்’ என்ற தொழிற்பெயரில் செயல் மட்டுமே இருக்கிறது. மழை பெய்தல், கதவு சாத்துதல் என்பது போல அதுவும் நிகழும் ஒன்றாக நிற்கிறது. ‘கவலைப்படுகிறேன்’ என்பதைவிடக் ‘கவலை’யும், ‘ஒப்பிடுகிறேன்’ என்பதைவிட ‘ஒப்பிடுதல்’ என்பதும் இந்த வேலைக்குப் பொருத்தமானவை. இதை ஒரு வாரம் செய்து பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

அடுத்த தவறு, குறித்தலை அழிப்பானாகப் பயன்படுத்துவது. பெயரிட்டால் எண்ணம் மறைந்துவிட வேண்டும் என்ற எதிர்பார்ப்போடு பெயரிட்டு, ‘போய்விட்டதா?’ என்று எட்டிப் பார்க்கிறோம். எட்டிப் பார்ப்பதனாலேயே அது திரும்பி வருகிறது. 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று பங்கேற்றவர்களிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன் பிறகு கரடியை நினைக்க அனுமதித்தபோது, முதலிலிருந்தே நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட அடக்கிப் பார்த்தவர்களுக்கே அது கூடுதலாக வந்தது. விரட்டும் நோக்கத்தோடு வைக்கும் பெயர் இந்த அடக்குதலின் நாகரிகமான வடிவம், அவ்வளவே.

பெயரிடுவதால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2007-இல் மேத்யூ லீபர்மன் தலைமையில் வெளிவந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், உணர்ச்சி ததும்பும் முகப் படங்களைப் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தபோது, அந்த முகத்துக்குப் பொருந்தும் ஆள்பெயரைத் தேர்ந்தபோது இருந்ததைவிட, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. உணர்ச்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லைத் தேர்வது மட்டுமே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. குறித்தலையும் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பெயரிடுவது நம் கையில் இருக்கிறது. எண்ணம் எப்போது விலகும் என்பது நம் கையில் இல்லை. ‘விட்டுவிடுதல்’ என்ற சொல் நாம் செய்யும் ஒரு செயலைப் போல ஒலித்தாலும், உண்மையில் பிடித்துக்கொண்டிருப்பதை நிறுத்துவதையே அது குறிக்கிறது.

சிலர் எதிர்த்திசையில் செல்வார்கள். ‘இது எடைபோடுதலா, பொறாமையா, பொறாமை கலந்த ஆதங்கமா, சின்ன வயதில் அண்ணனோடு ஒப்பிட்டுப் பேசியதால் வந்ததா’ என்று துல்லியமான சொல்லைத் தேடிப் புறப்பட்டு, அரை மணி நேரத்தையும் தன்வரலாற்றில் கழித்துவிடுவார்கள். ஆராய்ச்சிக்கு உரிய நேரம் வேறு. பயிற்சியின்போது ஏறக்குறைய பொருந்தும் சொல் கிடைத்தால் போதும். எதுவும் அகப்படவில்லை என்றால் ‘நினைத்தல்’ என்ற பொதுச்சொல் எப்போதும் உதவிக்கு இருக்கிறது.

சொல் ஓடிக்கொண்டே இருக்க, கவனம் எங்கோ சென்றுவிடுவதும் உண்டு. நீண்ட நாள் பழகியவர்களிடமே இதை அதிகம் காணலாம். ‘எடைபோடுதல், எடைபோடுதல்’ என்று உதடு அசையாமல் உருப்போட்டுக்கொண்டே நாளைய வேலையைத் திட்டமிட முடியும். நானே பலமுறை செய்திருக்கிறேன். சொல் சுட்டுவிரல் போன்றது. விரல் நீட்டிய பிறகு பார்வை பொருளின் மீது செல்ல வேண்டும். எடைபோடும் எண்ணம் எழுந்தபோது மார்பில் என்ன நடந்தது, வயிறு இறுகியதா, முகத்தில் சூடு பரவியதா என்று ஒரு மூச்சின் நேரம் தங்கிப் பார்த்தால் சொல் வெறும் ஒலியாக மாறாது.

பாராட்டும் ஒரு தீர்ப்புதான் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். பயிற்சியின் தொடக்க வாரங்களில் ஒவ்வோர் அமர்விலும் எத்தனை முறை எடைபோட்டேன் என்று விரல்விட்டு எண்ணி, எண்ணிக்கை குறைந்த நாட்களில் ஒருவித வெற்றிக் களிப்போடு எழுந்திருக்கிறேன். அந்தக் களிப்பை ஒரு நாளும் குறித்ததில்லை. ‘இன்று நன்றாக அமர்ந்தேன்’ என்ற எண்ணமும் ‘இன்று வீணாய்ப் போயிற்று’ என்ற எண்ணமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றைக் கொஞ்சிக்கொண்டு மற்றொன்றை மட்டும் குறித்தால், தராசு கையிலேயேதான் இருக்கும்.

எடைபோடாமை என்றால் நல்லது கெட்டதைப் பிரித்தறியாமல் இருப்பது என்று எண்ணிக்கொள்வது, விளைவுகளைப் பார்த்தால் இவற்றில் மிகவும் தீங்கானது. 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், பிற்காலத்தில் 8 வாரப் பாடத்திட்டமாகப் பெயர்பெற்ற மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியைத் தொடங்கிய ஜான் கபாட்-ஜின், எடைபோடாமையை அடிப்படை மனப்பான்மைகளுள் ஒன்றாக வைத்தார். பகுத்தறியும் திறனைக் கைவிடச் சொல்லவில்லை. ‘இந்தக் கணக்கில் பிழை இருக்கிறது’ என்பது கணக்கைப் பற்றிய செய்தி. ‘எனக்குக் கணக்கே வராது, நான் முட்டாள்’ என்பது ஆள் மீது எழுதும் தீர்ப்பு. முதலாவதைத் திருத்த வேண்டும். இரண்டாவதைக் குறிக்க வேண்டும். ஒருவர் தொடர்ந்து நம்மை அவமதிக்கும்போது, ‘எடைபோடுதல்’ என்று குறித்துவிட்டுப் பேசாமல் இருப்பது பயிற்சியாகாது. அங்கே குறிக்கத்தக்கது நம்முள் பொங்கும் கொதிப்பு. அவருடைய நடத்தைக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தெளிந்த பிறகு சொல்லியே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடுமையான மனச்சோர்வோ, பழைய அதிர்ச்சியின் நினைவுகளோ உள்ளவர்களுக்குக் கண்ணை மூடி உள்நோக்கி அமர்வது சில வேளைகளில் நிலைமையை மோசமாக்கலாம். தன்னைப் பழிக்கும் எண்ணங்கள் குறிக்கக் குறிக்கப் பெருகினால், கண்களைத் திறந்து, பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, அறையில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், எழுந்து நடக்கலாம், அன்றைய அமர்வை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். மறுநாளும் அதே நிலை தொடர்ந்தால், தனியாக அமர்வதைத் தள்ளிவைத்துவிட்டு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ சந்திப்பதே சரியான அடுத்த அடி.