போர்டுவாக் எம்பயர்: குழம்பாமல் பார்ப்பது எப்படி

அமெரிக்காவின் எச்.பி.ஓ. சேனலில் 2010 முதல் 2014 வரை வந்த ‘போர்டுவாக் எம்பயர்’ மொத்தம் 56 எபிசோட். மதுவிலக்குக் காலத்தில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரத்தை ஆட்டிவைக்கும் நக்கி தாம்சன் என்ற அரசியல்வாதியின் கதை. முதல் நான்கு சீசன் தலா 12, ஐந்தாவது மட்டும் 8. ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேங்ஸ்டர் கதை என்று துப்பாக்கிச் சத்தத்துக்காக உட்கார்ந்தால் நாலாவது எபிசோடுக்குள் சலிப்பு தட்டிவிடும். சண்டைகள் உண்டுதான், ரத்தமும் தாராளம். ஆனால் கதை ஓடுவது கடன் கணக்கில்: யார் யாருக்கு உபகாரம் செய்தார், அதை எப்போது திருப்பிக் கேட்டார். அந்தக் கணக்கைப் பிடித்துக்கொள்ளும் வழி கீழே. கற்பனைப் பாத்திரங்கள் யார் எப்போது சாகிறார்கள் என்பதை இங்கே உடைக்கவில்லை; வரலாற்றில் நடந்தது மட்டும் வரும்.

முதலில் சில சின்ன ஏற்பாடுகள். ராத்திரிக் காட்சிகளும் விளக்கொளி அறைகளும் அதிகம் என்பதால் அறையை இருட்டாக்கி, டிவியை சினிமா மோடில் போடுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கை (காட்சியைச் செயற்கையாக வழுக்கவைக்கும் டிவி அமைப்பு) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோடிக்கணக்கில் செலவழித்த செட் மெகா சீரியல் மாதிரித் தெரியும். சப்டைட்டில் கட்டாயம். அயர்லாந்து, சிகாகோ, டிரினிடாட் என்று ஆளாளுக்கு ஓர் உச்சரிப்பு. இடையிடையே இத்தாலியனும், யூதர்கள் பேசும் யிட்டிஷும் வரும். ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் பெயர்கள் கலங்க ஆரம்பித்துவிடும். எபிசோடு தொடக்கத்தில் வரும் முன்கதைச் சுருக்கத்தைத் தாண்டாதீர்கள். ஐந்து எபிசோடுக்கு முன் வந்து போன முகத்தை அதுதான் நினைவூட்டும். முடிவில் வரும் ‘அடுத்த வாரம்’ துண்டைத் தாண்டிவிடலாம். குழந்தைகள் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கும் தொடர் இல்லை இது.

சட்டத்தைப் பத்து நிமிடம் படியுங்கள்

மதுவிலக்கைக் கொண்டுவந்த, அமெரிக்க அரசியல் சாசனத்தின் 18-வது திருத்தமும் அதை அமல்படுத்திய வோல்ஸ்டெட் சட்டமும் 1920 ஜனவரி 17 முதல் நடைமுறைக்கு வந்தன. பைலட், அதாவது முதல் எபிசோடு, தொடங்குவது அதற்கு முந்தைய இரவுகளில். 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது போதை பானம். தயாரிப்பது, விற்பது, கொண்டுபோவது குற்றம். குடிப்பது குற்றமில்லை! தடைக்கு முன் வாங்கி வீட்டில் வைத்திருந்ததைக் குடிக்கவும் தடையில்லை. இது தெரியாதவர்களுக்கு ‘இவர்கள் இவ்வளவு பகிரங்கமாகக் குடிக்கிறார்களே’ என்ற குழப்பம் தொடர் முழுக்க இருக்கும்.

மூன்று ஓட்டைகளை நினைவில் வையுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால் 10 நாளைக்கு ஒரு பைண்ட் (ஏறக்குறைய அரை லிட்டர்) மருந்து விஸ்கி வாங்கலாம். தேவாலய, யூத வழிபாட்டு ஒயினுக்கு விலக்கு உண்டு. தொழிற்சாலை ஆல்கஹாலுக்கும் அனுமதி உண்டு. குடிக்க முடியாதபடி அதில் விஷம் கலந்திருப்பார்கள், அதைப் ‘பிரித்து’ விற்பவர்களும் இருந்தார்கள். பின்னால் வரும் ஜார்ஜ் ரீமஸ் நிஜ மனிதர். மருந்தாளராகவும் வழக்கறிஞராகவும் இருந்தவர், முதல் ஓட்டையில்தான் கோடீஸ்வரர் ஆனார்.

கைது செய்தாலும் மறுநாளே தொழில் நடக்கிறதே என்று தோன்றும். முதல் முறை பிடிபட்டால் அதிகபட்சம் 1,000 டாலர் அபராதம் அல்லது 6 மாதச் சிறை. ஒரு லாரி லோடு லாபத்தின் முன்னால் இது தூசு. தொடரில் வரும் தொகைகளை 15-ஆல் பெருக்கினால் இன்றைய டாலர் மதிப்பு தோராயமாகக் கிடைக்கும்.

இன்னொன்று: மதுவிலக்கை அமல்படுத்திய அதிகாரிகள் அப்போது கருவூலத் துறையின் கீழ் இருந்தார்கள். வழக்கு நடத்துவது நீதித் துறை. இந்த இரண்டு துறைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் பாதிக் கதை நடக்கிறது.

ஒரு தாளை ஐந்தாகப் பிரியுங்கள்

அட்லாண்டிக் சிட்டி, நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா, வாஷிங்டன் என்று ஐந்து கட்டம். புதுப் பெயர் வந்ததும் பென்சிலால் அந்தக் கட்டத்தில் எழுதி, அவர் யாருக்குப் பணம் கொடுக்கிறாரோ அவரை நோக்கி ஓர் அம்புக்குறி. உறவுமுறையை எழுத வேண்டாம். அது தானாக மனதில் நிற்கும், பணம் நிற்காது. அம்பு திசை மாறும் எபிசோடுதான் முக்கியமான எபிசோடு. பென்சில் ஏன் என்றால் அடிக்கடி அழிக்க வேண்டிவரும்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறியும் போடுங்கள்: நிஜ மனிதரா, கற்பனையா. ரோத்ஸ்டைன், கபோன், லூசியானோ, லான்ஸ்கி, டோரியோ என்ற கேங்ஸ்டர்கள் நிஜம். ஜிம்மி, சாக்கி ஒயிட், ரிச்சர்ட் ஹாரோ, மார்கரெட் எல்லாம் எழுத்தாளர் கையில். வரலாற்று மனிதர்களுக்கு அவர்களின் தேதி வரை ஆயுள் கெட்டி. மற்றவர்கள் எந்த எபிசோடிலும் போகலாம். இந்தப் பயத்தைத் தொடர் நன்றாகப் பயன்படுத்துகிறது. அதனால் வரலாறு தெரியாதவர்கள் நிஜப் பெயர்களை இணையத்தில் தேடாமல் இருப்பது நல்லது.

நக்கி தாம்சனின் கட்டத்தை மட்டும் விரிவாக எழுதுங்கள். காகிதத்தில் அவர் கவுண்டி (மாவட்டம் மாதிரி) பொருளாளர், அவ்வளவுதான். அதிகாரம் இருப்பது கட்சியில்: வார்டு தலைவர்கள் வாக்கைக் கொண்டுவருகிறார்கள், பதிலுக்கு வேலையும் ஒப்பந்தமும் போகின்றன, சூதாட்ட விடுதியும் மதுக்கடையும் மாமூல் கட்டுகின்றன, ஷெரிஃப் அவருடைய தம்பி. பைலட்டில் மதுவிலக்கு மாதர் சங்கத்தில் அவர் பேசும் காட்சியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். குடியால் சீரழிந்த ஏழைக் குடும்பத்தின் கதையைச் சொல்லிப் பெண்களை அழவைத்துவிட்டு, நேரே பாபெட் கிளப்புக்குப் போய், ஊர்ப் பெரியவர்களோடு மதுவிலக்கால் வரப்போகும் லாபத்துக்குக் கோப்பை உயர்த்துகிறார். அந்தப் பெண்களின் வாக்குரிமை அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டமாகிறது. கண்ணீர் வீண்போகவில்லை.

சாலைப் பணத்தைத் துரத்துங்கள்

முதல் சீசனில் நியூ ஜெர்சி செனட்டர் எட்ஜ், அட்லாண்டிக் சிட்டிக்கு வரவேண்டிய சாலை நிதியை ஜெர்சி சிட்டியின் மேயர் ஃபிராங்க் ஹேக் பக்கம் திருப்புகிறார். பார்ப்பவர்கள் பலர் கொட்டாவி விடும் இடம். ஆனால் சாலை என்றால் லாரி, லாரி என்றால் சரக்கு. அந்தக் கோபத்தோடு நக்கி 1920 ஜூனில் சிகாகோவில் நடக்கும் குடியரசுக் கட்சி மாநாட்டுக்குப் போகிறார். துணை அதிபர் கனவில் இருக்கும் எட்ஜின் காலை வாரிவிட்டு, அதிபர் பதவிக்குப் போட்டியிடும் ஹார்டிங்கின் ஆட்களோடு சேர்கிறார். ஹார்டிங்கின் வலதுகை ஹாரி டாட்டர்டி. ஹார்டிங் ஜெயித்ததும் டாட்டர்டி அட்டர்னி ஜெனரல். இப்போது அமெரிக்காவின் தலைமை அரசு வழக்கறிஞர் ஒரு கவுண்டி பொருளாளருக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இரண்டாவது சீசன் முழுக்க அந்தக் கடன் வசூல்தான். நக்கி மீதான தேர்தல் மோசடி வழக்கு மாநில நீதிமன்றத்தில் இருக்கிறது. அதை நக்கியே மத்திய அரசின் வழக்காக மாற்றப் பார்க்கிறாரே, பெரிய இடத்துக்குப் போனால் ஆபத்து கூடாதா என்று கேட்காதீர்கள். மத்திய வழக்கென்றால் வழக்கறிஞரை நியமிப்பது டாட்டர்டி. அந்த ஏற்பாடு கைமீறும்போது வரும் அரசு வழக்கறிஞர் எஸ்தர் ராண்டால்ஃப் பாத்திரத்துக்கு முன்மாதிரி, அந்தக் காலத்தில் மதுவிலக்கு வழக்குகளைக் கவனித்த உதவி அட்டர்னி ஜெனரல் மேபல் வாக்கர் வில்லபிராண்ட்.

மூன்றாவது சீசனில் டேபர் ஹைட்ஸ் என்ற ஊர் வரும். வரைபடத்தில் தேடாதீர்கள், கற்பனை ஊர். அட்லாண்டிக் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்குப் போகும் லாரிகள் பெட்ரோல் போட நிற்கும் இடம் என்பதுதான் அதன் மொத்த மதிப்பு. கேங்ஸ்டர் ஜிப் ரோசெட்டி அதைப் பிடித்துக்கொண்டதும் நியூயார்க்கின் ரோத்ஸ்டைனுக்குச் சரக்கு நிற்கிறது. ரோசெட்டியாக நடித்த பாபி கனாவாலேயின் வெறியாட்டத்தில் மயங்கி இந்த பெட்ரோல் பங்க் விஷயத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் ‘ஒரு சின்ன ஊருக்கு ஏன் இவ்வளவு கொலை’ என்கிறார்கள். அதே சீசனில் ஆண்ட்ரூ மெல்லன் வருவதையும் கவனியுங்கள். மதுவிலக்கை நடத்தும் கருவூலத் துறையின் செயலாளர் அவர்; ஓவர்ஹோல்ட் விஸ்கி ஆலையில் அவருக்கு நிஜமாகவே பங்கு இருந்தது. தொடர் இதில் ஒன்றும் மிகைப்படுத்தவில்லை.

நாலாவது சீசன் 1924. சாக்கி ஒயிட்டுக்கும் நியூயார்க் ஹார்லெம் பகுதியின் டாக்டர் நார்சிஸுக்கும் நடுவிலுள்ள பகைதான் மையம். ஃப்ளோரிடா பகுதி மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சிகாகோ கிளைக்கதையில் பக்கத்து ஊரான சிசரோவின் தேர்தல், பூக்கடையில் கேங்ஸ்டர் ஓபானியன் கொலை இரண்டும் அந்த ஆண்டு நடந்தவை.

எதை வரலாறு என்று நம்பக் கூடாது

நக்கிக்கு முன்மாதிரியான நிஜ மனிதர் ஈனாக் ஜான்சன். திரைக்காக ‘தாம்சன்’ ஆக்கியதால் எழுத்தாளர்களுக்குக் கை கட்டப்படவில்லை. நிஜ ஜான்சன் ஆஜானுபாகு, நக்கியாக நடிக்கும் ஸ்டீவ் புஷெமி ஒல்லி. சட்டையில் சிவப்பு கார்னேஷன் பூ மட்டும் அப்படியே. ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல் திறந்தது 1921-ல். தொடரில் நக்கி 1920-லேயே அங்கே குடியிருக்கிறார். சிகாகோ கேங்ஸ்டர் ஜிம் கொலோசிமோ 1920 மே மாதம் கொல்லப்பட்டார், பைலட் அதை ஜனவரிக்கு இழுத்துவிட்டது. தலைப்பு இசை ராக் கிட்டார், அந்தக் காலத்து இசை இல்லை. அது தெரிந்தே செய்தது.

ஐந்தாவது சீசனுக்கு முன்

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். கதை 1924-லிருந்து 1931-க்குத் தாவுகிறது. நடுவில் நடந்தவற்றைத் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள்: 1927-ல் சட்டவிரோத வருமானத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, 1928 நவம்பரில் ரோத்ஸ்டைன் சுடப்பட்டு இறந்தார், 1929 பிப்ரவரியில் சிகாகோவில் காதலர் தினப் படுகொலை, அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்தது. நியூயார்க்கில் மாஃபியா தலைவர்கள் மசேரியா 1931 ஏப்ரலிலும் மாரன்சானோ செப்டம்பரிலும் கொல்லப்பட, லூசியானோ மேலே வந்தார். அக்டோபரில் கபோனுக்கு வரி வழக்கில் 11 ஆண்டு. நிஜ ஜான்சனையும் 1941-ல் உள்ளே தள்ளியது வரி ஏய்ப்புதான்: 10 ஆண்டு தண்டனை, 20,000 டாலர் அபராதம். தொடர் நக்கிக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது.

இதற்கிடையே நக்கியின் கடந்த காலமாக 1884-ம் 1897-ம் மாறி மாறி வரும். உடையைப் பார்த்து ஆண்டைப் பிரித்துக்கொள்ளலாம். சிறுவன் என்றால் 1884, இளம் போலீஸ்காரர் என்றால் 1897. இந்தப் பகுதிகளை ஓட்டிவிட்டால் கடைசி எபிசோடு புரியாது. ஜிம்மியின் அம்மா கில்லியனின் பெயரையும், நக்கிக்கு முன் ஊரை ஆண்ட கமடோரின் பெயரையும் உங்கள் தாளில் தேடி, இருவருக்கும் நடுவில் நக்கி எங்கே நின்றார் என்று பாருங்கள். அந்த அம்புக்குறியை முதல் சீசனிலேயே போட்டிருக்க வேண்டும். போட விடாமல் 50 எபிசோடுக்கு இழுத்திருக்கிறார்கள்.